மாலை கழற்றிய மறுநாள்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் தேனி மாவட்டம் கூடலூர். என் தம்பிக்கு 22 வயது. ஜீப் ஓட்டுகிறான். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போனால், சாயங்காலம்தான் திரும்புவான். பதினொன்றாம் வகுப்பில் சிகரெட் பழகினான். ஜீப் எடுத்த பிறகு குடியும் சேர்ந்துகொண்டது. சிகரெட் தினமும் ஏழெட்டு. சரக்கு சனி, ஞாயிறு. மூன்று வருடமாகக் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறான். போட்ட நாளிலிருந்து இரண்டையும் தொடமாட்டான். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிடுவான். இந்த வருடமும் மாலை போட்டிருக்கிறான். 41 நாள் இருக்க முடிகிறவனுக்கு 42-ஆம் நாள் ஏன் முடியவில்லை? "சாமிக்குப் பயப்படுறான், நமக்குப் பயப்படலை, அத்தனையும் திமிர்" என்கிறார் அம்மா. அப்பாவும் குடிக்கிறவர்தான், தினமும். சோற்றில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி அம்மா ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். மாலை கழற்றியதும் தம்பிக்குக் கொடுக்கப் போகிறாராம். கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பொடி. கொடுக்காதீர்கள். அம்மா கையிலிருந்து வாங்கி நீங்களே குப்பையில் கொட்டிவிடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இப்படி விற்கும் பொடிகளில் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை இடித்துக் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அது நல்ல மருந்துதான், நாங்களும் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு கொடுக்கிற மருந்து அது. உள்ளே அது இருக்கும்போது மது போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. தன் சோற்றில் மருந்து இருப்பது தெரியாத பையன் வழக்கம்போலக் குடிப்பான், கொண்டை ஊசி வளைவில் ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போது மயக்கம் வரும். அதோடு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து அம்மா கையால் சாப்பிடவே யோசிப்பான். அந்த நம்பிக்கை ஒருமுறை போனால், பிறகு வீட்டில் யார் என்ன சொன்னாலும் ஏறாது.

சரி, 42-ஆம் நாளுக்கு வருவோம்.

இந்தக் கேள்வியை நீங்கள் மட்டும் கேட்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் மனநல மருத்துவராக இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். கார்த்திகையிலும் மார்கழியிலும் குடிக்காக வருகிற இளைஞர்கள் கூட்டம் குறையும். தை பிறந்தால் பெஞ்சு நிறைந்துவிடும். கழுத்தில் மாலை கிடந்த தடம் மறைவதற்குள் வந்து உட்காருவார்கள், பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ மனைவியோ கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார்கள். ஆரம்பத்தில் நானும் உங்கள் அம்மாவைப் போலத்தான் நினைத்தேன். முடியும், ஆனால் மனசில்லை என்று. இப்போது அப்படி நினைப்பதில்லை.

உடம்புக் கணக்கைப் பாருங்கள். சிகரெட்டை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். தினமும் பிடிக்கிறவருக்கு நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சல், பதற்றம், எதிலும் மனசு நிற்காமை எல்லாம் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். அதன் பிறகு இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு வாரத்தில் அடங்கிவிடும். அதாவது கார்த்திகை முடியும்போதே உங்கள் தம்பியின் உடம்பு சண்டையை முடித்துக்கொண்டது. மருந்து இல்லை, மருத்துவர் இல்லை, மூன்று வருடம் மூன்று முறை ஜெயித்திருக்கிறார். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மூன்றாம் நாளைத் தாண்டத்தான் திணறுகிறார்கள்.

ஆகவே 42-ஆம் நாள் சிகரெட்டைக் கேட்பது உடம்பு இல்லை. அப்படியென்றால் எது கேட்கிறது?

மாலை போட்ட நாளிலிருந்து உங்கள் வீட்டில் என்னென்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். ராத்திரி பஜனைக்குப் போய்விட்டு வந்து தரையில் படுத்துத் தூங்கிவிடுகிறார். ஜீப் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவர் பக்கம் சிகரெட்டை நீட்டுவதில்லை. சொல்லப்போனால் அவர் வந்தால் கையிலிருப்பதைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் முதல் சோறு அவருக்கு. "எங்கடா சுத்திட்டு வர்றே" என்று கேட்கிற அம்மா "சாமி, சாப்பிட வாங்க" என்கிறார். 22 வயதுப் பையனை ஊரே சாமி என்று கூப்பிடுகிறது. தெருவில் பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் அவர்தான் முதலில் கையெடுக்கிறார்.

மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் மறுபடி "டேய்".

அந்தச் சாயங்காலம் அவருக்குப் போக்கிடம் எது? ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை. அங்கே 41 நாளாக இவருக்காகக் காத்திருந்த கூட்டம் இருக்கிறது. "வாடா, விரதம் முடிஞ்சுதா" என்று முதல் தம்மை அவர்களே பற்ற வைத்துத் தருவார்கள். வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் அவரிடம் வார்த்தை இல்லை. கவனியுங்கள், நேற்றுவரை இருந்தது. "மாலை போட்டிருக்கேன்" என்று சொன்னால் போதும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், கேலி செய்யமாட்டார்கள், "ஒரே ஒரு இழுப்பு" என்று வற்புறுத்தமாட்டார்கள். நம் ஊரில் ஓர் இளைஞன் குடிக்கமாட்டேன் என்று சொல்லி, மரியாதையோடு வெளியே வர உதவுகிற வார்த்தை இது ஒன்றுதான் இருக்கிறது. மாலையோடு அதையும் கழற்றி வைத்துவிடுகிறார். உங்கள் அம்மா சொல்கிற திமிர் இதில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நிறுத்துவதற்கு எது காரணமோ அதேதான் ஆரம்பிப்பதற்கும் காரணம். பதினாறு பதினேழு வயதில் எந்தப் பையனும் நிகோடினுக்கு ஆசைப்பட்டுச் சிகரெட்டைத் தொடுவதில்லை. முதல் இழுப்பில் இருமலும் குமட்டலும்தான் வரும், அதில் ருசி எங்கே? அவனுக்கு வேண்டியது அந்த வட்டத்தில் நிற்க ஓர் இடம். கையில் ஒன்று இருந்தால் சும்மா நிற்கிற மாதிரி தெரியாது. பெரியவன் மாதிரி இருக்கும். நம் வீடுகளில் இதற்கு ஒத்திகை இன்னும் முன்னாடியே நடந்துவிடுகிறது. ஏழு வயதில் "அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று காசைக் கையில் திணித்து அனுப்புவது யார்? தாத்தாவுக்காக அடுப்பில் பீடியைப் பற்ற வைத்து, அணையாமல் இருக்க வழியில் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டு ஓடிய கதையைப் பத்துப் பேரில் நாலு பேராவது என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள். (நானும் ஒருவன். பிறகு மருத்துவக் கல்லூரி விடுதியில் முறையாக ஆரம்பித்து ஆறு வருடம் பிடித்தேன். அதனால் மேலே உட்கார்ந்து உபதேசம் பண்ண எனக்குத் தகுதி இல்லை.)

2016-17-இல் நாடு முழுக்க நடந்த புகையிலைக் கணக்கெடுப்பில் பழக்கம் தொடங்கிய சராசரி வயது 18.9 என்று வந்தது. அந்த வயதில் மூளையின் முன்பகுதி, அதாவது "கொஞ்சம் பொறு, நாளைக்கு என்னாகும்" என்று யோசிக்கிற பகுதி, முழுதாக முதிர்ந்திருக்காது. அதற்கு இருபத்தைந்து வயது வரை ஆகும். ஆனால் ருசியையும் பழக்கத்தையும் பிடித்துக்கொள்கிற பகுதி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒன்றிரண்டு பிடிக்கிற பையனுக்கே ஏக்கம் வந்துவிடுகிறது. "எப்போ வேணா விட்டுடுவேன்" என்று அவன் சொல்லும்போது பொய் சொல்வதில்லை, அவன் அப்படித்தான் நம்புகிறான்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு: "எல்லாரும்தான் குடிக்கிறாங்க." டீக்கடையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் 25.4 சதவீதம், கேரளத்தில் 19.9 சதவீதம். சிலர் மறைத்திருப்பார்கள் என்று கொஞ்சம் கூட்டிப் போட்டாலும், குடிக்காதவர்களே அதிகம். குடிக்காதவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுகிறான், கடை முன்னால் கூட்டமாக நிற்பதில்லை. கண்ணில் படாததால் கணக்கில் வருவதில்லை. இந்த எண்ணைத் தம்பியிடம் சொல்லுங்கள், ஆனால் வாதம் பண்ண வேண்டாம். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள்.

எல்லையில் இருப்பதால் உங்கள் ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. மது வாங்க நம் பக்கம் 21 வயது ஆகியிருக்க வேண்டும், கேரளத்தில் 2017 கடைசியிலிருந்து 23. உங்கள் தம்பிக்கு 22. லோயர் கேம்ப்பில் மலை ஏறத் தொடங்கும்போது சட்டப்படி குடிக்கத் தகுதியுள்ளவர், குமுளிச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் சிறுவர்! கள்ளு அங்கே அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கும், இங்கே 1987-இலிருந்து தடை. "கள்ளு உடம்புக்கு நல்லது, சரக்குதான் கெட்டது" என்று இந்தப் பக்கத்துப் பையன்கள் சொல்வது இதனால்தான். காலையில் இறக்கியது இனிக்கும், சாயங்காலத்துக்குள் புளித்து ஏறிவிடும். உள்ளே இருப்பது அதே ஆல்கஹால்தான். அந்தந்தப் பக்கத்துச் சட்டம் எதைத் தடுக்கிறதோ அது மறுபக்கம் போகக் காரணமாகிவிடுகிறது. எல்லை தாண்டுவதே பாதி கிக்.

சிகரெட்டில் வேறு கதை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது, பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. பாக்கெட்டில் 85 சதவீத இடத்தில் பயமுறுத்துகிற படம் போட வேண்டும், கூடவே நிறுத்த உதவும் தொலைபேசி எண்ணும் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதினாறு வயதுப் பையன் பாக்கெட்டா வாங்குகிறான்? ஒன்று, இரண்டு என்று உதிரியாக வாங்குகிறான். படமும் எண்ணும் கடைக்காரரின் டப்பாவிலேயே தங்கிவிடுகின்றன.

ஒரு காலத்தில் நானும் அந்தப் படத்தை நம்பியவன்தான். பள்ளிகளுக்குப் போய்க் கறுத்த நுரையீரலைத் திரையில் காட்டிப் பேசுவேன். ஒருமுறை பின்வரிசைப் பையன் எழுந்து, "சார், எங்க தாத்தாவுக்கு எண்பத்து ரெண்டு, இப்பவும் பீடி குடிச்சிட்டுத்தான் வயலுக்குப் போறாரு" என்றான். வகுப்பே சிரித்தது. அவரோடு சேர்ந்து பீடி குடித்த அவர் கூட்டாளிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அன்று எனக்குத் தோன்றவில்லை, நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு வந்தேன். நாற்பது வருடம் கழித்து வரப்போகிற புற்றுநோய் பதினேழு வயதுக்காரனுக்கு வேறு யாரோ ஒருவருடைய நோய். இப்போதெல்லாம் கபடியைப் பற்றித்தான் பேசுகிறேன். பாடிப் போகும்போது மூச்சு எங்கே அறுகிறது என்று அவனுக்கே தெரியும். போன வருடம் கோட்டைத் தொட்டுத் திரும்பியவன் இந்த வருடம் நடுவிலேயே மூச்சு விட்டுவிடுகிறான். நிறுத்திய ஒன்றிரண்டு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறிவிடும், சில வாரங்களில் மூச்சு நீளும். இதை அவன் மைதானத்திலேயே பார்க்கலாம். உங்கள் தம்பியும் விரதத்தின்போது மலையேறிப் பார்த்தவர். மூச்சு எப்படி இருந்தது என்று கேளுங்கள், அவரே சொல்வார்.

இனி என்ன செய்யலாம்?

மாலை கழற்றுகிற நாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த நாளை மட்டும் திட்டமிடுங்கள், வாழ்நாள் முழுமைக்கும் சத்தியம் வாங்காதீர்கள். கோவிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, பலருக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் கயிற்றுக்கும் மாலைக்கும் ஒரே குறை, அவிழ்க்கிற தேதியும் கூடவே வந்துவிடும்.

முதலில் குருசாமியிடம் பேசுங்கள். வீட்டாரை விட அவர் சொல் எடுபடும். மாலை கழற்றுகிற அன்று சாயங்காலம் தம்பியை ஒரு வேலையாகத் தன்னோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரசாதம் கொடுக்க நாலு வீட்டுக்குப் போய் வரலாம், அன்னதானக் கணக்கு முடிக்கலாம், எதுவானாலும் சரி. முதல் மூன்று நாள் சாயங்காலம் அந்த டீக்கடையைத் தாண்டினால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

அடுத்து, அவருக்கு ஒரு வார்த்தை வேண்டும். "மாலை போட்டிருக்கேன்" என்பதன் இடத்தில் வைக்க. அதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவரே தேடட்டும். என்னிடம் வந்த ஒரு டிரைவர் "மாத்திரை சாப்பிடுறேன், சேர்ந்தா வாந்தி வரும்" என்று ஒரு வருடம் ஓட்டினார். உண்மையில் அவர் சாப்பிட்டது வெறும் இரும்புச்சத்து மாத்திரை. இன்னொருவர் "லைசென்ஸ் போயிடும் மாப்ளே" என்பார். பொய்யா உண்மையா என்று நான் பார்ப்பதில்லை. நீளமாக விளக்கம் சொல்லத் தேவையில்லாத வார்த்தையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத்தில் பெண்கள் ஏலக்காய் எடுத்து முடிக்கிற வரை டிரைவர்களுக்கு வேலை இல்லை. ஏழெட்டு மணி நேரம் வெட்டிக் காத்திருப்பு, மலைக்குளிர் வேறு. ஏழெட்டு சிகரெட் என்று எழுதியிருக்கிறீர்களே, மணிக்கு ஒன்று என்று கணக்கு சரியாக வருகிறதா? விரதத்தின்போது அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று அவரைக் கேளுங்கள். தூங்குகிறாரா, போனில் பாட்டுக் கேட்கிறாரா, கட்டன் சாயா குடிக்கிறாரா? அது என்னவோ அதைத் தையிலும் தொடரச் சொல்லுங்கள். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். "குளிருக்காகத்தான்" என்றால் இதைச் சொல்லுங்கள்: நிகோடின் தோலில் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், விரல் இன்னும் சில்லிடும். மது குழாய்களை விரிக்கும், சூடேறுகிற மாதிரி தோன்றும், ஆனால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும். குளிருக்கு இரண்டுமே உதவாது. (அந்த ஜீப்பில் வருகிற அக்காமாரும் இதே குளிரைச் சொல்லித்தான் வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்கிறார்கள். வீட்டில் யாரும் அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்வதில்லை, டாக்டரிடமும் அழைத்து வருவதில்லை. வாய்ப்புண் ஆறாமல் வரும்போதுதான் நான் அவர்களைப் பார்க்கிறேன்.)

சிகரெட்டையும் சரக்கையும் தனித்தனியாக யோசிக்க வேண்டாம். ஒரு ரவுண்டு உள்ளே போனால் கை தானாகச் சிகரெட்டைத் தேடும். சிகரெட்டை விட்டவர்கள் பலர் மறுபடி விழுவது குடிக்கிற இடத்தில்தான். குறைந்தபட்சம் தை மாசி இரண்டு மாதமாவது இரண்டும் வேண்டாம்.

தப்பித் தவறி ஒரு நாள் பிடித்துவிட்டால்? பிடிக்கலாம். "சரி, போனது போச்சு" என்று அடுத்ததைப் பற்ற வைக்கிற இடம்தான் ஆபத்து. அன்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். ஆசை எழுந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் அதன் ஆயுள், அலை மாதிரி ஏறி இறங்கிவிடும் என்று மட்டும் சொல்லி வையுங்கள். மறுபடி தினமும் பிடிக்கத் தொடங்கிவிட்டால் அப்போது நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. மாலை கழற்றிய அன்றே கம் வாங்கிக் கொடுக்காதீர்கள். 41 நாளாக நிகோடினே இல்லாத உடம்புக்கு அது தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். சனி, ஞாயிறு குடிக்கிறார் என்கிறீர்கள். ஞாயிறு ராத்திரி குடித்துவிட்டுத் திங்கள் விடியற்காலை ஜீப் எடுக்கிறாரா? 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 60 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். ராத்திரி 11 மணிக்கு முடித்தால் காலை 5 மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம், சிலருக்கு 7, 8 மணி வரைகூட. தூங்கி எழுந்துவிட்டார், குளித்துவிட்டார், காபி குடித்துவிட்டார் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அபராதம் கிடக்கட்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் உங்கள் தெருக்காரர்கள்தானே? இதைத் தம்பியிடம் நேராகச் சொல்லுங்கள். ஞாயிறு ராத்திரி குடித்திருந்தால் திங்கள் சாவியை மாற்று டிரைவரிடம் கொடுக்க வேண்டும், பேரம் கிடையாது.

அப்பாவைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை. தம்பி வார இறுதியில் குடிப்பவர், மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினாலும் உடம்பு தாங்குகிறது. தினமும் குடிப்பவர் அப்படி நிறுத்தக்கூடாது. அப்பாவுக்குக் காலையில் கை நடுங்குகிறதா? ஒரு கட்டிங் போட்ட பிறகுதான் நடுக்கம் நிற்கிறதா? அப்படியானால் "தம்பியைப் பாருங்க, அவன் விட்டுட்டான், நீங்களும் விடுங்க" என்று ரோஷமூட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஆளே தெரியாமல் உளறல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம், உயிருக்கு ஆபத்தான நிலை அது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, தயமின் ஊசியும் நடுக்கத்துக்கு மாத்திரையும் கொடுத்துப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. புகையிலைக்கு 1800 11 2356, அந்தப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கிற எண் இதுதான்.

அப்பா குடிக்கிறவர் என்பதால் தம்பிக்கும் அது எழுதி வைத்தது என்று அம்மா நினைக்கலாம். குடி அடிமையாவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரை என்பது உண்மைதான். மீதிப் பாதி எங்கே வேலை, யாரோடு சாயங்காலம், வீட்டில் என்ன பேச்சு என்பதில் இருக்கிறது. அந்தப் பாதியில் உங்களுக்கும் கொஞ்சம் கை உண்டு. அம்மாவிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: மாலை கழற்றிய பிறகு "சாமி" என்று கூப்பிட வேண்டாம், ஆனால் முதல் சோற்றை அவருக்கே போடட்டும். இன்னும் கொஞ்ச நாளைக்கு "எங்கடா சுத்திட்டு வர்றே" வேண்டாமே.

இன்று ராத்திரி பஜனை முடிந்து வந்ததும் தம்பியிடம் இதை மட்டும் கேளுங்கள்: "சாமி, மாலை கழட்டுற அன்னைக்குச் சாயந்திரம் எங்கே இருப்பீங்க?" உடனே பதில் வராது. மறுநாள் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.